முதுகு சாயும் கம்பி

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் கடைகள் பல இருக்கின்றன. ஜெய்னப்பின் கடை சாலையில் இல்லை. ஒரு சந்துக்குள், மாவு மில்லுக்கு அடுத்து இருக்கிறது. தேடிக்கொண்டு வருகிறவர்கள்தான் அங்கே வர முடியும். வருகிறார்கள். அவளுடைய தையல் அழகானது என்று சொல்ல முடியாது. பூ வேலைப்பாடும் இரட்டை நிறக் கோடுகளும் அவளுக்கு வராது. கேட்டால், சாலையிலிருக்கும் கடைகளுக்கு அனுப்பிவிடுவாள். அவள் தைத்த உறையில் சுருக்கம் விழாது, தையல் நேராக ஓடும், மழையில் நின்ற வண்டியில் மறுநாள் ஏறி உட்கார்ந்தால் உடுப்பு நனையாது. அவ்வளவுதான். அந்த அளவுக்குச் செய்கிறவர்களும் அதிகம் பேர் இல்லை.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. அந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். வண்டியோடு வந்த பழைய உறையைக் கழற்ற மாட்டார்கள். அது கிழிந்திருந்தாலும் வெடித்திருந்தாலும் புதியது அதன் மேலேயே ஏறும். பழைய உறைதான் ஃபோமைப் பிடித்து வைத்திருக்கிறது, கழற்றினால் ஃபோம் உதிர்ந்து சீட்டின் வடிவம் போய்விடும் என்பது காரணம். பொய்யான காரணம் என்று சொல்ல முடியாது. வாடிக்கையாளர்களும் அதையேதான் விரும்புவார்கள். "ஒரிஜினல்ல மட்டும் கை வைக்காதீங்கக்கா" என்று சொல்லாமல் யாரும் சாவியைக் கொடுப்பதில்லை. அவளுடைய கணவன் ஃபைஸ், கடையின் முன்பக்கத்தில் நின்று வாடிக்கையாளர்களிடம் பேசுகிறவன், அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே "கம்பெனி தோல உரிக்க மாட்டோம் சார், அது நம்ம பாலிசி" என்று சொல்லிவிடுவான்.

இத்தனைக்கும் ஜெய்னப் எதையும் திறந்து பார்க்கத் தயங்குகிறவள் அல்ல. அவள் பிறந்தது அனகாபுத்தூரில். வாப்பா பக்கீர் முகமது தோல் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அது மூடிய பிறகு வீட்டிலேயே மிஷின் போட்டுப் பை தைத்தார். அந்த மிஷினில்தான் அவள் தைக்கக் கற்றாள், அதையேதான் கல்யாணத்துக்குச் சீராகக் கேட்டு வாங்கினாள். பெருவெள்ளம் வந்த வருடம் அடையாற்று நீர் அனகாபுத்தூர்ச் சந்துக்குள் ஏறியபோது, அவளும் ஃபைஸும் அங்கேதான் குடியிருந்தார்கள். மிஷின் சேற்றில் மூழ்கிக் கிடந்தது. இரும்புக்கடையில் போட்டுவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் ஒவ்வொரு திருகாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி பூட்டினாள். அது ஓடியது, இன்றும் ஓடுகிறது. துரு எங்கே ஒளிந்துகொள்ளும், எப்படி ஒளிந்துகொள்ளும் என்று அப்போதே கண்ணால் பார்த்தவள் அவள். அப்படிப்பட்டவளுக்கு உறையைக் கழற்றிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. பழக்கத்தின் இயல்பு அது. தெரிந்த விஷயம் ஓர் அறையில் இருக்கும். கை இன்னோர் அறையில் வேலை செய்துகொண்டிருக்கும்.

ஆல்வின் முதலில் அவளிடம் வந்தது ஒரு பழைய ஸ்கூட்டருக்காக. சேலையூர்க்காரர். சரக்குக் கப்பல்களில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்கூட்டர் வேலை முடிந்ததும், கோவளத்தில் தனக்கு ஒரு பாய்மரப் படகு இருக்கிறது என்றும், அதற்கும் உறைகள் தைக்க வேண்டும் என்றும் சொன்னார். ஜெய்னப் அதுவரை கோவளத்துக்கு தர்காவுக்காக மட்டுமே போயிருந்தாள். ஒரு நாள் ஃபைஸையும் அழைத்துக்கொண்டு, தாம்பரத்தில் மாமல்லபுரம் பேருந்தில் ஏறி, கேளம்பாக்கம் வழியாகப் போய் இறங்கினாள்.

படகின் பெயர் 'கடுகு'. அது கழிமுகத்துக்கு உட்புறம், உப்பங்கழியில் கட்டிக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொள்கிறவர் கோதண்டம். கோவளத்து மீன்பிடிக் குடும்பம். காலையில் தன் ஃபைபர் படகில் கடலுக்குப் போய்வந்து, மீதி நேரத்தில் கடுகைக் கழுவி, கயிறு மாற்றிக் கட்டி வைப்பார்.

"இன்னா சார், சீட்டு தெக்கிற அக்காவ இட்டாந்துகிறீங்க? நம்ம போட்டுல சீட்டு எங்க கீது?" என்றார் அவர்.

"சீட்டுக்கு இல்ல கோதண்டம். லைஃப்லைனுக்குக் கவர் போடப் போறோம்."

"அந்த வேலிக்கா? கப்பலுக்கு வேலியே தண்டம். உள்ள ஆடா மேயுது? அதுக்கு மெத்த வேறயா?"

கோதண்டம் வேலி என்று சொன்னதும் பொருத்தமான பெயர்தான். படகின் ஓரத்தைச் சுற்றி எஃகுத் தாங்கிகள் நிற்கும். அவற்றின் வழியாக ஒரு கம்பி வடம் முன்னாலிருந்து பின்னால் வரை ஓடும். நின்றால் தொடையில் படும், உட்கார்ந்தால் முதுகில் படும். காற்றில் படகு சாயும்போது ஆள் கடலில் விழாமல் தடுப்பது அந்த ஒரு கம்பிதான். கடுகின் கம்பிகளுக்கு மேல் வெள்ளை பிளாஸ்டிக் தோல் இருந்தது. படகைச் செய்தவர்கள் போட்ட தோல். முனைகளில் அது வெடித்துப் போயிருந்தது. முதுகில் குத்துகிறது என்று ஆல்வினின் மனைவி பேபிக்குப் புகார்.

ஜெய்னப் பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பார்த்தாள். கம்பெனி தோல். அதைக் கழற்றவில்லை. அதன் மேல் மெல்லிய ஃபோம் சுற்றி, வெள்ளை ரெக்ஸினைக் குழாயாக வளைத்து, மெழுகு நூலால் கையாலேயே இறுக்கித் தைத்தாள். பாய்மரத்தை நாலு பக்கமும் பிடித்து நிறுத்தும் கம்பிகளின் அடியில் இருந்த திருகுகளுக்கும் அதே ரெக்ஸினில் உறை போட்டு மூடித் தைத்தாள். பாயைச் சுருட்டி வைக்கவும் நீளமாக ஓர் உறை. எல்லாம் முடிந்தபோது படகு புதிதாகத் தெரிந்தது. கடற்கரைக்கு வந்தவர்கள் கடுகின் முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். ஃபைஸும் எடுத்துக் கடையின் சுவரில் மாட்டினான்.

அது நடந்து மூன்று மழைக்காலம் போயிற்று. பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடல் குளம்போல் கிடந்தது. படகின் பின்மூலையில், தான் வழக்கமாக உட்காரும் இடத்தில், கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பேபி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் கம்பி அறுந்தது. பேபி ஆரஞ்சோடு தண்ணீருக்குள் போனார். போகிற வழியில் தோள் படகின் விளிம்பில் மோதியது. கோதண்டம் குதித்து அவரைத் தூக்கினார். தோள்பட்டை இறங்கியிருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை.

ஜெய்னப்புக்கு இது தெரிந்தது ஆல்வின் கடைக்கு வந்தபோதுதான். அவர் ஒரு சுருள் நீலத் தார்ப்பாய்த் துணியை வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

"முழு போட்டையும் மூடுற மாதிரி ஒரு கவர் வேணும் ஜெய்னப். வாங்குறவங்க வந்து பாக்குற வரைக்கும் வெயில் படாம இருக்கணும்."

"வாங்குறவங்களா? விக்கப் போறீங்களா சார்?"

அவர் நடந்ததைச் சொன்னார். "பேபி இனிமே ஏற மாட்டேன்னுட்டா. அவ இல்லாம நான் மட்டும் போய் என்ன பண்ண? ஆரஞ்சு கூட உரிக்கத் தெரியாது எனக்கு."

ஜெய்னப் மிஷினை நிறுத்தினாள். "அறுந்த இடத்துல என் கவர் என்ன ஆச்சு சார்?"

"அத விடும்மா. வாழ்நாள் பூரா எஞ்சின் ரூம்ல இருந்தவன் நான். வருஷத்துக்கு ஒரு தடவை கழட்டிப் பாத்திருக்க வேண்டியது என் வேலை. நீ தச்சது அவ்வளவு நீட்டா இருந்துச்சு, கத்தி வைக்க மனசு வரல. தப்பு என் மேலதான்."

பழியை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் நமக்குச் சுமை குறைந்துவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. ஜெய்னப்புக்குக் குறையவில்லை. அவள் தார்ப்பாய்ச் சுருளைக் கடையின் மூலையில் நிறுத்திவைத்தாள். "கவர் தைக்கிறேன் சார். அதுக்கு முன்னால நான் ஒரு தடவ போட்டப் பாக்கணும்" என்றாள்.

அவர் போன பிறகு ஃபைஸ் பேச்சை ஆரம்பித்தான். "அவரே அவர் தப்புன்னு சொல்லிட்டாரு. நீ இன்னாத்துக்கு சும்மா போய்க் கழுத்த நீட்டுற?"

"அவரு சொன்னா சரியாயிடுமா?"

"கம்பி அறுந்துச்சு. கம்பி நாம செஞ்சமா? கவரு கிழிஞ்சுச்சா? இல்ல. அப்புறம் இன்னா பேஜாரு?"

"கவரு கிழியல. அதான் பேஜாரு" என்றாள் ஜெய்னப். "அந்தக்கா கம்பிய நம்பிச் சாயல. கம்பி எங்க தெரிஞ்சுது அவங்களுக்கு? என் தையல நம்பிச் சாஞ்சாங்க."

அந்த வாரமே கோவளத்துக்குப் போனாள். ஆல்வினும் கோதண்டமும் இருந்தார்கள். அறுந்த முனை இன்னும் ரெக்ஸினுக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கறுப்பு அங்கியின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு, பையிலிருந்து கத்தியை எடுத்து, தான் போட்ட தையலைத் தானே பிரித்தாள். உள்ளேயிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் வழிந்து மணிக்கட்டில் இறங்கியது. ஃபோம் தேன்கூடுபோல் உப்பு நீரைக் குடித்து வைத்திருந்தது. ஊசி போன துளைகள் வழியாக மேலிருந்து நீர் இறங்கியிருக்கிறது. வெளியேற வழியில்லை. வெடித்த பிளாஸ்டிக்குக்குள் புகுந்து, கம்பியின் முனையில் குழல் வைத்து அழுத்தியிருக்கும் இடத்தில் போய்த் தங்கியிருக்கிறது. அங்கே கம்பி இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, தூண்டில் முள்போல் வளைந்து நின்றன. ஒன்று அவள் விரலில் ஏறியது.

"வுடுக்கா, நான் புடுங்குறேன்" என்றார் கோதண்டம்.

"இருங்கண்ணா. அந்தப் பக்கத்தையும் பாத்துடலாம்."

அந்தப் பக்கம் அறுபடாதது. வெளியே பார்த்தால் குறை சொல்ல முடியாது. பிரித்தபோது அங்கேயும் பாதி இழைகள் போயிருந்தன. அது ஆல்வின் நின்று பாயை இழுக்கும் பக்கம். அவர் கம்பியைக் கையில் வாங்கி, மடக்கினார். கருவாட்டு முள் மாதிரி முறிந்தது.

பாய்மரத்தின் அடித்திருகுகளின் உறைகளையும் அவள் பிரித்தாள். ஒரு திருகில், ஆணி நழுவாமல் பூட்டி வைத்திருக்கும் சின்ன வளையம் தேய்ந்து நூலளவு ஆகியிருந்தது.

"இது விட்டிருந்தா மரமே சாஞ்சிருக்கும்" என்றார் ஆல்வின்.

"எல்லாத்தையும் மாத்திடலாம் சார்."

"விக்கிற போட்டுக்கா?"

"வித்தாலும் வச்சுக்கிட்டாலும், அடுத்து சாயப் போறவங்க யாரோ ஒருத்தர் இருக்காங்கல்ல."

ஆல்வின் தலையாட்டினார். அந்த வாதத்துக்கு எதிர்வாதம் கிடையாது. ஆனால் ஜெய்னப்பின் மனதில் இருந்தது யாரோ ஒருவரின் முதுகு அல்ல. பேபியின் முதுகு. அது மறுபடி ஒரு முறை அந்த இடத்தில் சாய வேண்டும். அதற்குக் குறைவான எதையும் அவள் வேலை முடிந்ததாகக் கொள்ளப் போவதில்லை.

ஆல்வினின் சேலையூர் வீட்டுக்கு ஜெய்னப் போனபோது, அவள் கையில் ஒரு சாப்பாட்டு டப்பா இருந்தது. பேபி இடக்கையைக் கழுத்தில் மாட்டிய துணித் தூளியில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலக்கையால் டப்பாவை வாங்கி மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு துணியில் சுற்றி, துருப்பிடித்த கம்பித் துண்டு.

"அடிப்பாவி. பிரியாணின்னு நெனச்சேன்."

"சாரிக்கா. பைல போட்டா குத்துதுன்னு டப்பால போட்டேன்."

"நீயும் எதையோ காட்டத்தான் வந்தியா? டாக்டர் எக்ஸ்ரே காட்டினாரு. இவரு போட்டை வாங்கப் போறவன் அனுப்பின மெசேஜைக் காட்டினாரு. இப்ப நீ கம்பி."

"நான் கழட்டிப் பாக்காம மூடித் தச்சேன்க்கா. அதனால தண்ணி உள்ளயே நின்னுடுச்சு. உங்களுக்குத் தெரியணும்னு கொண்டு வந்தேன்."

பேபி கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உன் மேல எனக்குக் கோவம் இல்ல ஜெய்னப். நல்லா இருந்துச்சு உன் கவர். நல்லா இருந்ததுனாலதானே சாஞ்சேன்."

கோபத்தில் சொல்லியிருந்தால் அந்த வார்த்தை கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"தண்ணிக்கு பயமில்ல" என்று பேபி தொடர்ந்தார். "எனக்கு நீச்சல் தெரியும். முதுகுக்குப் பின்னாடி இருந்த ஒண்ணு திடீர்னு இல்லாமப் போச்சு பாரு, அதுதான். எங்கயும் சாயத் தோணல."

அப்போதுதான் ஜெய்னப் கவனித்தாள். அது நல்ல உயரமான முதுகு வைத்த மர நாற்காலி. பேபி அதன் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் நாற்காலியின் முதுகுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது.

"புதுக் கம்பி போடுறோம்க்கா. முடிஞ்சதும் ஒரு தடவ வந்து பாருங்க."

"பாக்குறதுக்கென்ன, வரேன். சாய மாட்டேன்."

"பாருங்க. போதும்" என்றாள் ஜெய்னப். அது உண்மை இல்லை.

அதன் பிறகு கடையில் ஒரு மாற்றம் வந்தது. ஃபைஸுக்குப் பிடிக்காத மாற்றம். ஒரு பையன் ஸ்கூட்டரைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஒரிஜினல்ல கை வைக்காதீங்கக்கா" என்றான். ஜெய்னப் உள்ளேயிருந்து, "கழட்டிப் பாத்துட்டுத்தான் போடுவேன்" என்றாள். பையன் ஃபைஸைப் பார்த்தான். ஃபைஸ் மேலே மின்விசிறியைப் பார்த்தான். பையன் வண்டியை எடுத்துக்கொண்டு சாலைக் கடைக்குப் போய்விட்டான்.

"இப்படியே போனா தைக்க வண்டி இருக்காது. நாம ரெண்டு பேரும் நம்ம சீட்டுலயே குந்திக்கினு வேடிக்க பாக்க வேண்டியதுதான்" என்றான் ஃபைஸ்.

"குந்துவோம்."

"கழட்டி இன்னாத்த கண்டுட்ட? இதுவரைக்கும் எந்த சீட்டு அடியிலயாவது பாம்பு இருந்துச்சா?"

இருக்கவில்லை என்பது உண்மைதான். பெரும்பாலும் பழைய உறைக்குக் கீழே ஒன்றும் இருப்பதில்லை. கொஞ்சம் தூசி, ஒரு காய்ந்த இலை, எப்போதாவது ஒரு பஸ் டிக்கெட். ஆனாலும் அவள் கழற்றினாள். ஒன்றுமில்லை என்று பார்த்துத் தெரிந்துகொள்வதும், ஒன்றுமில்லை என்று எண்ணிக்கொள்வதும் வெளிக்கு ஒரே மாதிரி இருக்கும். அவளுக்கு அவை வேறு வேறு என்று ஆகிவிட்டது.

கம்பிக்காக ஆல்வின் அவளை மண்ணடி இரும்புக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனார். மேல்தோல் எதுவும் இல்லாத, வெறும் துருப்பிடிக்காத எஃகு வடம். இரண்டு முனைகளிலும் கடைக்காரர்களே அமுக்கும் மிஷினில் வைத்து வளையமாகக் கண்ணி போட்டுக் கொடுத்தார்கள். ஒரு முனையைத் தாங்கியோடு பிணைக்கத் திருகு வேண்டாம் என்றார் ஆல்வின். மெல்லிய கயிற்றைக் கம்பியின் கண்ணிக்கும் தாங்கியின் வளையத்துக்கும் நடுவில் பல முறை சுற்றி இறுக்கிக் கட்டிவிடலாம். கயிறு நைந்தால் கண்ணுக்குத் தெரியும். யாராவது தண்ணீரில் விழுந்து மேலே தூக்க வேண்டியிருந்தால், ஒரு கத்தி வீச்சில் அறுத்து வழி திறந்துவிடலாம்.

"இது தையல்தானே சார்" என்றாள் ஜெய்னப்.

"ஆமா, தையல் மாதிரிதான்."

அந்த 'மாதிரி'யில்தான் தவறு நுழைந்தது. கோவளத்தில் கம்பியைக் கட்டும்போது அவள் ரெக்ஸின் தைக்கிறபடி கயிற்றை ஓட்டி, முடிவில் நூலுக்குப் போடுகிற முடிச்சையே போட்டாள். மெழுகு நூல் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். அந்தக் கயிறு வழுக்கும். ஒரு சாக்கில் மணலை நிரப்பி, கோதண்டத்தைக் கொண்டு கம்பியின் நடுவில் தொங்கவிட்டாள். சாக்கு ஒரு மூச்சு நேரம் தொங்கியது. பிறகு முடிச்சு மெதுவாக, ஒரு புழு நகர்வதுபோல் நகர்ந்து, அவிழ்ந்தது. மணல் மூட்டை தண்ணீரில் விழுந்து மூவரையும் நனைத்தது.

கோதண்டம் விழுந்து விழுந்து சிரித்தார். "யக்கா, இது பாவாட நாடாவுக்குப் போடுற முடிச்சு. வலைய இப்டி கட்னா மீனு நம்மளப் பாத்து சிரிக்கும்."

"நீங்க எப்டி கட்டுவீங்க?"

"நான் கட்டிர்றேன், நீ வுடு."

"நீங்க கட்டினா எனக்கு எப்டி நம்பிக்க வரும்ணா? காட்டுங்க."

அவர் காட்டினார். அவள் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். கோதண்டம் அலுத்துப்போய் டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோது இரண்டு சாக்குகள் தொங்கிக்கொண்டிருந்தன. அவள் அவற்றை மறுநாள் வரை இறக்கவே விடவில்லை. அடுத்த நாளும் வந்து, முடிச்சு இருந்த இடத்தில் மார்க்கர் பேனாவால் போட்டிருந்த கோட்டைப் பார்த்தாள். அது நகரவில்லை.

பாய்மரத் திருகுகளுக்கு ஆல்வின் புது ஆணிகளும் வளையங்களும் போட்டார். அவற்றுக்கு அவள் தைத்த புது உறைகள் பழையவற்றைப்போல் இல்லை. பக்கவாட்டில் வெல்க்ரோ வைத்து, ஒரு இழுப்பில் திறக்கும்படி இருந்தன. அடிப்பக்கம் திறந்தே இருந்தது.

"தண்ணி உள்ள போகுமே ஜெய்னப்."

"போகட்டும் சார். வெளிய வரவும் வழி இருக்கு."

"சரி, லைஃப்லைனுக்கு?"

"அதுக்கு உறை கிடையாது."

ஆல்வின் தயங்கினார். "வெறும் கம்பி முதுகுல அறுக்கும். முன்னாடியே குத்துதுன்னுதானே உன்கிட்ட வந்தோம்? பேபி வந்து பாத்தா என்ன சொல்லுவா?"

"அவங்க வந்து பாக்கும்போது கம்பிதான் தெரியணும் சார். என் வேல தெரியக் கூடாது."

தன் வேலை தெரியாதபடி வேலை செய்வது எந்தத் தையல்காரருக்கும் எளிதல்ல. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஜெய்னப்பைக் கொஞ்சம் பாராட்டலாம். தார்ப்பாய்ச் சுருள் இன்னும் கடையின் மூலையில், கத்தரி படாமல் நின்றுகொண்டிருந்தது. ஆல்வின் இரண்டு முறை கேட்டார். "அக்கா வந்து பாக்கட்டும் சார்" என்று இரண்டு முறையும் சொன்னாள்.

பேபி ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். தூளி போயிருந்தது. காரிலிருந்து இறங்கி, மீன் ஏலம் போட்டுக்கொண்டிருந்த கூட்டத்தைத் தாண்டி, கழிக்கரையில் வந்து நின்றார். ஜெய்னப் ஏற்கெனவே படகில் இருந்தாள். அன்றைக்கு ஃபைஸும் வந்திருந்தான். கடை எப்படியும் காலியாகத்தான் இருக்கிறது என்பது அவன் சொன்ன காரணம்.

"கவர் எங்க?" என்று கரையிலிருந்தே கேட்டார் பேபி.

"போடலக்கா."

"பழசு மாதிரி அழகா இல்ல."

"இல்லதான்."

பேபி நகரவில்லை. ஆல்வின் கை நீட்டினார். அதையும் அவர் பிடிக்கவில்லை. ஜெய்னப் பின்மூலைக்குப் போனாள், பேபி வழக்கமாக உட்காரும் இடத்துக்கு. உட்புறம் பார்த்து விளிம்பில் உட்கார்ந்தாள். அங்கியைக் காலோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டாள்.

"ஏ ஜெய்னபு, இன்னா பண்ற?" என்றான் ஃபைஸ்.

"சாயப் போறேன்."

"உனக்கு நீந்தத் தெரியுமா?" என்று கேட்டார் பேபி.

"தெரியாதுக்கா."

ஃபைஸ் இரண்டே எட்டில் ஓடிவந்து அவள் அங்கியின் நுனியைப் பிடித்துக்கொண்டான். "வேணாம்மே. மூட்ட தொங்குச்சுல்ல, அதே போதும்."

"விடுங்க. நீங்க புடிச்சுக்கினு இருந்தா, என்னைத் தாங்குனது கம்பியா நீங்களான்னு அவங்களுக்கு எப்டித் தெரியும்?"

அவன் விடவில்லை. அவள் காத்திருந்தாள். கோதண்டம் தன் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு படகின் அந்தப் பக்கம் போய் நின்றார், குதிக்க வேண்டி வந்தால் என்று. அதைப் பார்த்த பிறகுதான் ஃபைஸின் விரல்கள் தளர்ந்தன.

ஜெய்னப் முதுகைக் கம்பியில் வைத்தாள். பிறகு இரண்டு கால்களையும் தளத்திலிருந்து தூக்கினாள். கம்பி கொஞ்சம் வெளியே வளைந்தது. முனையில் கயிறு இறுகி ஒரு சின்ன முனகல் கேட்டது. அவள் தலைக்குக் கீழே பச்சைத் தண்ணீர் இருந்தது. ஒரு பிளாஸ்டிக் பாட்டில் மெதுவாக மிதந்து போயிற்று. அவள் முகம் வெளுத்திருந்தது. அதை மறைக்க முயலவில்லை. கம்பி முதுகில் நன்றாகவே அறுத்தது. அது இருக்கும் இடம், அது ஓடும் திசை, அதன் தடிமன் எல்லாம் முதுகுக்குத் துல்லியமாகத் தெரிந்தன. போன தடவை போட்ட மெத்தையில் இது எதுவும் தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

பேபி படகில் ஏறினார்.

நேராகப் பின்மூலைக்கு வரவில்லை. முன்னாலிருந்து தொடங்கினார். கம்பியின் மேல் விரலை வைத்து, ஒவ்வொரு தாங்கியாகக் கடந்து நடந்தார். கண்ணி போட்ட முனையில் நின்று குனிந்து பார்த்தார். திருகின் உறையில் வெல்க்ரோவைச் சரக்கென்று இழுத்துத் திறந்து, உள்ளே பார்த்து, மூடினார். அடுத்ததையும் திறந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. கயிற்றுக் கட்டுக்கு வந்ததும், "இது யார் கட்டினது?" என்றார்.

"நான்தான்க்கா."

"நல்லாக் கட்டத் தெரியுமா உனக்கு?"

"மொதல்ல தெரியாது. ஒரு மூட்ட மணல் உள்ள கெடக்கு, பாருங்க." ஜெய்னப் தண்ணீரைக் காட்டினாள்.

கோதண்டம் சிரித்தார். பேபி சிரிக்கவில்லை. கயிற்றை நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு ஜெய்னப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், நிமிர்ந்து, சேலையூர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைப் போலவே. முதுகுக்கும் கம்பிக்கும் நடுவில் அதே ஒரு சாண். ஆல்வின் பாயின் கயிற்றைச் சரி செய்வதுபோல் எதையோ செய்துகொண்டிருந்தார்.

கழிமுகத்திலிருந்து ஒரு ஃபைபர் படகு வேகமாக உள்ளே வந்தது. அதன் அலை வந்து கடுகைத் தூக்கிப் போட்டது. படகு சாய்ந்தது. பேபியின் முதுகு கம்பியில் போய்ப் பட்டது. ஜெய்னப்பின் கை தன்னையறியாமல் எழுந்தது. அதைப் பாதியில் நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டாள். படகு மறுபக்கம் சாய்ந்து, மெல்ல அடங்கி, நின்றது.

பேபியின் முதுகு அங்கேயே இருந்தது. கண்களை மூடியிருந்தார். தோள்கள் உயர்ந்து இறுகியிருந்தன. கொஞ்சம் கொஞ்சமாக அவை இறங்கின.

"குத்துது ஜெய்னப்" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"குத்தும்க்கா. வெறும் கம்பிதானே."

"ஒரு சின்ன மெத்தை தச்சுக் குடு. கட்டி அவுக்குற மாதிரி. உக்காரும்போது கட்டிக்கிறேன், போகும்போது அவுத்துடுறேன். எல்லாத்தையும் மூடிடாத."

"மூட மாட்டேன்."

ஜெய்னப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். பேபியின் முதுகின் அகலத்தைக் கம்பியோடு சேர்த்து அளந்தாள். பிறகு ஆல்வினைப் பார்த்தாள்.

"முழு கவருக்கு நீங்க வாங்கிக் குடுத்த நீலத் துணி அப்படியே இருக்கு சார். அதுலயே வெட்டிடவா?"

அதில் ஒரு துண்டு வெட்டினால், விற்கவிருக்கும் படகை மூட மீதி பற்றாது. ஆல்வினுக்கு அது தெரியும். அவர் மனைவியைப் பார்த்தார்.

பேபி கண்ணைத் திறந்தார். "வெட்டு" என்றார்.